கூரையும் உணவும் மட்டும் போதுமா?

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகச் சுமார் 60 கி.மீ. பயணம் செய்தால் பொன்முடியை அடையலாம். கல்லாறைக் கடந்ததும் தொடங்குகின்றன 22 கொண்டை ஊசி வளைவுகள். விடுமுறைக்கு வருவோருக்கு இது மூடுபனி தவழும் மலை வாசஸ்தலம். ஆனால், இம்மலையிலும் இதையொட்டிய போணக்காடு போன்ற இடங்களிலும் தேயிலைத் தோட்டக் குடியிருப்புகளில் வாழ்ந்து முதுமை எய்தியவர்களுக்கு அதே வளைவுகள் தரும் பொருள் வேறு. மருத்துவமனைக்குச் செல்ல அவர்கள் இறங்க வேண்டிய பாதை அது; மழைக்காலத்தில் மண் சரிந்தால் அடைபட்டுப் போகும் பாதையும் அதுவே.

தலைமுறைகளுக்கு முன்னர் தமிழகத்தின் தென் மாவட்டங்களிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்களின் வழித்தோன்றல்கள் இங்கு பலர். தோட்டத் தொழில் நலிந்தது. பிள்ளைகள் பிழைப்புத் தேடிச் சமவெளிக்கு இறங்கிவிட்டனர். தோட்ட வீடு வேலைக்கு உரிய வீடே தவிர உழைத்தவருக்குச் சொந்தமானதல்ல. இத்தகைய ஒருவர் படுத்த படுக்கையாகிவிட்டால், கவனிக்க ஆளில்லாத நிலையில் எஞ்சியிருக்கும் வழி, அடிவாரத்திலோ நகரத்திலோ உள்ள ஏதேனும் ஒரு முதியோர் இல்லம்தான். அந்த இல்லத்தில் பராமரிப்பு எப்படி இருக்கும் என்பதை அவரோ, அவரைக் கொண்டுபோய்ச் சேர்ப்பவரோ முன்கூட்டியே அறிந்துகொள்ள வழி இருக்கிறதா? இல்லை என்பதுதான் வேதனைக்குரிய பதில்.

இது ஒரு மலைக் கிராமத்தின் பிரச்னை மட்டுமல்ல. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் 10 கோடியைத் தாண்டிவிட்டனர். மத்திய அரசின் மக்கள்தொகைக் கணிப்பின்படி, 2021இல் கேரளத்தில் முதியோர் 16.5 சதவீதம், 2031இல் இது ஏறத்தாழ 21 சதவீதமாக உயரும். இந்த வரிசையில் கேரளத்தை அடுத்து இருப்பது தமிழகம். 2021இல் 13.6 சதவீதமாகக் கணிக்கப்பட்ட தமிழக முதியோரின் விகிதம், 2031இல் 18.2 சதவீதத்தை எட்டும். கேரளம் இன்று எதிர்கொள்ளும் கேள்வியைத் தமிழகம் நாளை எதிர்கொண்டே தீர வேண்டும்.

முதுமை அதிகரிக்கும்போது இல்லங்களின் எண்ணிக்கையும் அதிகரிக்கிறது. கேரளத்தில் அரசு இல்லங்கள், அறக்கட்டளைகளும் சமய அமைப்புகளும் நடத்தும் இல்லங்கள், வெளிநாட்டில் வாழும் பிள்ளைகளின் பணத்தை நம்பித் தொடங்கப்பட்ட கட்டண இல்லங்கள் எனப் பல வகை உண்டு. அறப்பணியாகவே இவற்றை நடத்துவோரின் தொண்டு மதிக்கத்தக்கது. ஆனால், நல்லெண்ணம் இருப்பதாலேயே நல்ல பராமரிப்பு இருந்துவிடும் என்று சொல்ல முடியாது. இந்த வேறுபாட்டைச் சட்டம் இன்னும் முழுமையாக உணரவில்லை.

2007ஆம் ஆண்டில் நிறைவேற்றப்பட்ட பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம், பெற்றோரைக் கைவிடும் பிள்ளைகளிடமிருந்து மாதம் ரூ.10,000 வரை பராமரிப்புத் தொகை பெற வழி செய்தது. அச்சட்டத்தின் 19ஆவது பிரிவு, மாவட்டத்துக்கு ஒன்று என்ற அளவிலாவது, வறிய முதியோர் 150 பேர் தங்கக்கூடிய இல்லங்களை மாநில அரசுகள் அமைக்கலாம் என்கிறது. இல்லங்களுக்கான தர அளவுகளையும் மாநில அரசுகள் வகுக்கலாம் என்கிறது. இரண்டிலும் இருப்பது 'அமைக்கலாம்', 'வகுக்கலாம்' என்ற சொற்களே. 'வேண்டும்' என்ற கட்டாயம் இல்லை. அந்த ஒரு சொல்லின் இடைவெளியில் எத்தனையோ முதியவர்களின் இறுதி நாள்கள் கழிகின்றன.

2018 டிசம்பரில், முன்னாள் மத்திய அமைச்சர் அஸ்வனி குமார் தொடர்ந்த பொதுநல வழக்கில், ஒவ்வொரு மாவட்டத்திலும் எத்தனை முதியோர் இல்லங்கள் உள்ளன என்ற விவரத்தை மாநிலங்களிடமிருந்து பெறுமாறு மத்திய அரசுக்கு உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. சட்டம் வந்து பதினோரு ஆண்டுகளுக்குப் பின்னரும் எண்ணிக்கையைத் திரட்டவே நீதிமன்றம் ஆணையிட வேண்டியிருந்தது. அவ்வாறிருக்கத் தரத்தைப் பற்றி என்ன சொல்வது?

இக்குறையைக் களையும் முயற்சி நடைபெறாமல் இல்லை. 2019 டிசம்பரில் மக்களவையில் அறிமுகமான திருத்த மசோதா, முதியோர் பராமரிப்பு இல்லங்கள் அனைத்தும் பதிவு செய்யப்பட வேண்டும் என்றது. உணவு, கட்டட வசதி, மருத்துவ வசதி ஆகியவற்றில் குறைந்தபட்சத் தர அளவுகளை மத்திய அரசு வகுக்க அது வழிவகுத்தது. நிலைக்குழுவுக்கு அனுப்பப்பட்ட அம்மசோதா மீதான அறிக்கை 2021 ஜனவரியில் வந்தது. எனினும், மசோதா சட்டமாகவில்லை. 2024இல் மக்களவை கலைக்கப்பட்டபோது அதுவும் காலாவதியானது. கட்சி வேறுபாடின்றி ஆதரவு கிடைத்திருக்கக்கூடிய ஒரு மசோதா, எதிர்ப்பால் அல்ல, கவனிப்பாரின்றியே மடிந்தது என்பதுதான் வருத்தத்துக்குரியது.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. மேலை நாடுகளில் 'நர்சிங் ஹோம்' என்றால் தொடர் செவிலியர் பராமரிப்பு தேவைப்படும் முதியோருக்கான இல்லம். இந்தியாவிலோ அச்சொல் சிறிய தனியார் மருத்துவமனையைக் குறிக்கிறது. படுக்கையில் கிடக்கும் முதியவருக்கான இல்லத்துக்கு இங்கு தனிப் பெயரும் இல்லை. தனிச் சட்டமும் இல்லை. மருத்துவமனைகளுக்கு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டங்கள் உள்ளன. கேரளத்தில் முதியோர் இல்லங்கள் பதிவாவது, ஆதரவற்றோர் இல்லங்களைக் கண்காணிக்க 1960இல் இயற்றப்பட்ட சட்டத்தின்கீழ் அமைந்த கட்டுப்பாட்டு வாரியத்தில். மறதி நோயால் பாதிக்கப்பட்டவரையும், குழாய் வழியே உணவு பெறுபவரையும், பக்கவாதத்தால் முடங்கியவரையும் பராமரிக்கும் இடத்தை அன்னதானக் கூடத்தைப் போலப் பார்க்கும் அணுகுமுறை இது. சுகாதாரத் துறைக்கும் சமூக நீதித் துறைக்கும் இடையே முதியவர் அனாதையாகிறார்.

தரத்தை எப்படி அளப்பது என்பதற்கு விடை இல்லாமல் இல்லை. மருத்துவப் பராமரிப்பின் தரத்தை அமைப்பு, செயல்முறை, விளைவு என மூன்றாகப் பகுத்துப் பார்க்க வேண்டும் என்று அமெரிக்க மருத்துவ அறிஞர் அவெடிஸ் டொனபீடியன் 1966ஆம் ஆண்டிலேயே கூறினார். கட்டடம், கட்டில், ஊழியர் எண்ணிக்கை ஆகியவை அமைப்பு. குறித்த நேரத்தில் மருந்து தரப்படுகிறதா, படுத்திருப்பவரைத் திருப்பிப் படுக்க வைக்கிறார்களா, உணவை ஊட்டிவிடுகிறார்களா என்பது செயல்முறை. படுக்கைப் புண், கீழே விழுந்து எலும்பு முறிதல், உடல் எடை குறைதல் ஆகியவை விளைவு. இந்திய ஆய்வுகள் பெரும்பாலும் முதல் படியிலேயே நின்றுவிடுகின்றன. அதிகாரி வருகிறார், அறைகளை எண்ணுகிறார், பதிவேட்டில் கையொப்பமிடுகிறார். படுத்திருப்பவரின் முதுகைத் திருப்பிப் பார்ப்பதில்லை.

ஒரு முதியவரின் முதுகில் உள்ள புண், எந்தப் பதிவேட்டையும்விட உண்மையைச் சொல்லும். இரவில் எத்தனை பேருக்கு ஓர் ஊழியர் என்ற கேள்வியும் அத்தகையதே. பகலில் பார்வையாளர்கள் வரும்போது எல்லா இல்லங்களும் நன்றாகவே தோன்றும். இரவு இரண்டு மணிக்குக் கழிவறைக்குச் செல்ல உதவி கேட்டு அழைப்பவரின் குரலுக்கு யார் வருகிறார்கள் என்பதில்தான் தரம் இருக்கிறது. தொல்லை தருகிறார் என்பதற்காக ஒருவரைக் கட்டிலோடு கட்டி வைப்பதும், தூக்க மருந்து கொடுத்து அடக்கி வைப்பதும் பராமரிப்பு ஆகாது.

அமெரிக்காவில் 1987ஆம் ஆண்டுச் சட்டம், இவ்வில்லங்களில் முன்னறிவிப்பில்லாத ஆய்வுகளைக் கட்டாயமாக்கியது. தேவையின்றிக் கட்டி வைக்கப்படாமல் இருப்பதை அங்கு வாழ்வோரின் உரிமையாக்கியது. 2008 முதல் இல்லங்களுக்கு நட்சத்திரத் தரவரிசை வழங்கப்பட்டு மக்கள் பார்வைக்கு வைக்கப்படுகிறது. அம்முறையும் குறையற்றதல்ல. இல்லங்கள் தாமே தரும் தகவல்களை நம்பியதால் நட்சத்திரங்கள் மிகைப்படுத்தப்பட்டன என்ற விமர்சனம் எழுந்தது. இங்கிலாந்தில் 2009 முதல் இயங்கும் பராமரிப்புத் தர ஆணையம், இல்லங்களை நேரில் ஆய்வு செய்து அறிக்கைகளை வெளியிடுகிறது. அந்த இல்லங்களில் அந்த அளவுகோல்களுக்கு உட்பட்டுப் பணியாற்றுவோரில் கேரளத்தையும் தமிழகத்தையும் சேர்ந்த செவிலியர்கள் ஏராளம். அவர்களின் பெற்றோர் இங்கே எத்தகைய அளவுகோலும் இல்லாத இல்லங்களில் இருக்க நேரிடுவது காலத்தின் முரண்.

கண்காணிப்பு தளர்ந்தால் வளர்ந்த நாடுகளும் தப்புவதில்லை. ஈழத் தமிழர்கள் பெருமளவில் வாழும் கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில், முழுமையான ஆண்டு ஆய்வு முறை 2018இல் கைவிடப்பட்டு, பெரும்பாலும் புகார் வந்தால் பார்ப்பது என்று சுருங்கியது. 2020இல் கரோனா பரவியபோது ஐந்து இல்லங்களுக்கு உதவச் சென்ற ராணுவத்தினர், அழுக்கடைந்த நிலையில் கவனிக்கப்படாமல் கிடந்த முதியோரைக் கண்டு அறிக்கை அளித்தனர். நாடே அதிர்ந்தது.

தமிழகத்துக்கும் இத்தகைய அதிர்ச்சிகள் புதியவையல்ல. 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகிய பின்னரே மனநலக் காப்பகங்கள் பக்கம் அரசின் பார்வை திரும்பியது. 2018 பிப்ரவரியில் காஞ்சிபுரம் மாவட்டம் பாலேஸ்வரத்தில் இருந்த ஓர் ஆதரவற்றோர் இல்லத்தின் வாகனத்தில், சடலத்துடன் உயிருள்ள முதியோரும் ஏற்றிச் செல்லப்பட்டது தெரியவந்து பரபரப்பு எழுந்தது. நிர்வாகம் குற்றச்சாட்டுகளை மறுத்தது. எனினும், அதன் பிறகுதான் அதிகாரிகள் திரண்டு சென்று ஆய்வு நடத்தினர். அங்கிருந்தோர் வேறு இல்லங்களுக்கு மாற்றப்பட்டனர். அந்த ஆய்வு முன்பே முறையாக நடந்திருந்தால், குற்றச்சாட்டு உண்மையெனில் தடுக்கப்பட்டிருக்கும். பொய்யெனில் எழுந்தே இருக்காது. முறையான தர ஆய்வு, முதியோருக்கு மட்டுமல்ல, நேர்மையாக இல்லம் நடத்துவோருக்கும் பாதுகாப்பு.

கேரளம் இவ்விஷயத்தில் முன்னோடியாகும் தகுதி படைத்தது. 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி நிவாரண இயக்கம், 2008இல் மாநில அரசின் கொள்கையாக மலர்ந்தது. உள்ளாட்சி அமைப்புகளின் பொறுப்பில், செவிலியர்கள் வீடு தேடிச் சென்று படுக்கையிலிருப்போரைக் கவனிக்கும் முறை அங்கு வேரூன்றியுள்ளது. நாட்டிலேயே முதலாவதாக முதியோருக்கெனத் தனி ஆணையம் அமைக்கும் சட்டத்தையும் 2025 மார்ச்சில் கேரளப் பேரவை நிறைவேற்றியது. புகார்களைப் பெற்று அறிவுரை வழங்குவதோடு அமைப்பின் பணி நின்றுவிடுமானால், அது மற்றுமொரு அலுவலகமாகவே இருக்கும். இல்லங்களின் தரத்தை அளந்து மக்களுக்கு அறிவிப்பதே அதன் முதற்பணியாக வேண்டும்.

கடுமையான விதிகள் வந்தால் சிறிய அற இல்லங்கள் மூடப்பட்டு முதியோர் தெருவுக்கு வருவர் என்ற அச்சம் நியாயமானதே. அதற்கு விடை, விதிகளைக் கைவிடுவதல்ல, படிப்படியாக நடைமுறைப்படுத்துவது. பாதுகாப்பான குடிநீர், தீத்தடுப்பு, இரவு ஊழியர், மருந்துப் பதிவேடு, மரணங்களை உடனே தெரிவித்தல் ஆகியவற்றில் சமரசம் கூடாது. மற்றவற்றுக்குக் காலக்கெடுவும் நிதியுதவியும் தரலாம். வீடுகளுக்குச் செல்லும் உள்ளாட்சிச் செவிலியர் இல்லங்களுக்கும் மாதந்தோறும் சென்று வந்தால், செலவு அதிகமின்றிப் பராமரிப்பும் கிடைக்கும், கண்காணிப்பும் நடக்கும்.

மத்திய அரசின் பங்கு இதில் முக்கியமானது. தொண்டு நிறுவனங்கள் நடத்தும் முதியோர் இல்லங்களுக்கு மத்திய சமூக நீதி அமைச்சகம் நிதியுதவி அளிக்கிறது. அந்த நிதியைத் தர ஆய்வுடன் இணைக்கத் தனிச் சட்டம்கூடத் தேவையில்லை. ஆண்டுக்கு இருமுறையேனும் முன்னறிவிப்பின்றி ஆய்வு. ஆய்வுக் குழுவில் ஒரு மருத்துவரும் ஒரு செவிலியரும் கட்டாயம். நிர்வாகத்தினர் உடனில்லாமல் முதியோரிடம் தனியே உரையாடல். அறிக்கையை இல்லத்தின் வாசலில் வட்டார மொழியில் ஒட்டுதல் என்ற நான்கும் உடனடியாகச் சாத்தியமானவை. வட்டார மொழி என்பதிலும் கவனம் தேவை. பொன்முடியிலிருந்து இறங்கி வந்த தமிழ் மூதாட்டியிடம், அவர் அறிந்த மொழியில் கேட்டால்தான் உண்மை வெளிவரும்.

காலாவதியான மசோதாவை உரிய திருத்தங்களுடன் மீண்டும் கொண்டுவந்து நிறைவேற்றுவது நாடாளுமன்றத்தின் கடமை. 'அமைக்கலாம்' என்றிருப்பது 'அமைக்க வேண்டும்' என மாற வேண்டும். முதுமைக்கால உதவிக்கு அரசு வழிசெய்ய வேண்டும் என்று அரசியல் சாசனத்தின் 41ஆவது பிரிவு வழிகாட்டுகிறது. அந்த உதவி, பசிக்கு ஒரு வேளை உணவும் மழைக்கு ஒரு கூரையும் என்பதோடு முடிந்துவிடுவதல்ல.

முதியோருக்குத் தேர்தல் நாளில் வாக்குச்சாவடிக்கு அழைத்துச் செல்ல வாகனம் வருகிறது. மற்ற நாள்களில் அவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று பார்த்து வர ஓர் அதிகாரி வருவதில்லை. அந்த வருகையைச் சட்டமாக்காதவரை, முதியோர் நலன் குறித்து மேடைகளில் பேசப்படும் வார்த்தைகளுக்குப் பொருளில்லை.