கலந்த நாவுக்கு எம்மொழியும் இல்லை

கடல் கடந்து பயிலவும் பணியாற்றவும் விரும்பும் தமிழ் இளைஞர் பலர் முன்னே ஒரு கதவு நிற்கின்றது. ஐயெல்ட்சு என்னும் ஆங்கிலத் திறன் தேர்வே அக் கதவு. 1989-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற அத் தேர்வு, கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் ஆகிய நான்கையும் 9 வரையுள்ள அளவுகோலால் மதிப்பிடுகின்றது. அதன்வழிப் பிரித்தானியாவில் பதிவு பெற விழையும் செவிலியர், எழுதுதலில் 6.5-உம் ஏனைய மூன்றில் 7-உம் பெறல் வேண்டும். அரைப்புள்ளிக்காக மீண்டும் மீண்டும் பணங்கட்டி எழுதுவோர் உளர்.

இவ் வச்சத்தால் வீடுகளில் இரு பிழைகள் நேர்கின்றன. ஒன்று, நகையை அடகு வைத்துப் பயிற்றகத்திற்குக் கொட்டிக் கொடுத்தல். மற்றொன்று, வீட்டிலே தமிழை ஒடுக்கிவிட்டு, பாதித் தமிழும் பாதி ஆங்கிலமுமாய் நாளெல்லாம் பேசுதல். முன்னது கைப்பொருளைக் கெடுக்கும். பின்னது தேர்வையே கெடுக்கும்.

எங்ஙனம் எனின், ‘ஓட்டினான்’ என்னாது ‘டிரைவ் பண்ணினான்’ என்பாரை நோக்குக. அங்கே ஆங்கில வினையின் அடி மட்டுமே நிற்கின்றது. காலங்காட்டும் வேலையைப் ‘பண்ணினான்’ என்னும் தமிழ்ச்சொல்லே செய்துவிடுகின்றது. ஆங்கில வினை காலத்திற்கேற்பத் திரியும் முறை அவர் நாவிற் படிவதே இல்லை. பேச்சுத் தேர்வோ 11 முதல் 14 மணித்துளி வரை நேர்முகமாய் நடப்பது. ஒரு தலைப்பைத் தந்து, ஒரு மணித்துளி எண்ணிப் பார்க்க விட்டு, இரண்டு மணித்துளி வரை தொடர்ந்து பேசச் சொல்வர். கலந்து பேசிப் பழகிய நா அங்கே தடுக்கி விழுகின்றது. தமிழையும் இழந்து, ஆங்கிலத்தையும் அடையாத நிலை அது.

ஆகவே, வீட்டிற் பயில்வார்க்கு முதல் நெறி வேளையைப் பிரித்தலாகும். ஆங்கில வேளையில் ஆங்கிலமே. தமிழ் வேளையில் தமிழே. நாளுக்கு இரண்டு மணிநேரம் இவ்வாறு ஒதுக்குதல், நாளெல்லாம் கலந்து பேசுவதினும் நன்று.

தேர்வை நடத்துவோரே மாதிரி வினாக்களை இணையத்தளத்திற் கட்டணமின்றித் தருகின்றனர். மணிப்பொறியை முன்வைத்து அவற்றுள் ஒன்றை முதலில் எழுதிப் பார்த்தால், எப்பகுதி மெலிந்தது என்பது விளங்கும். கேட்டல் தேர்வில் 40 வினாக்கள். ஒலிப்பதிவு ஒரே முறைதான் ஒலிக்கும். எனவே, வீட்டிலும் இடைநிறுத்தாது ஒருமுறை கேட்டு விடையெழுதிய பின்னரே, எழுத்து வடிவைக் கையில் வைத்து மறுமுறை கேட்டல் வேண்டும். செவி தவறவிட்ட சொற்களே அடுத்த நாட் பயிற்சி. படித்தல் தேர்வில் 60 மணித்துளிக்குள் 40 வினாக்கள். அங்கே ‘தவறு’ என்பது வேறு. ‘கூறப்படவில்லை’ என்பது வேறு. பனுவலில் இல்லாததைத் தாமே ஏற்றிப் படிப்பார் அவ்விடத்திற் சறுக்குவர். பிழையான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை. ஆதலின் எவ்வினாவையும் வெற்றாய் விடலாகாது.

எழுதுதலுக்கும் 60 மணித்துளியே. 150 சொல்லில் ஒன்றும் 250 சொல்லில் ஒன்றும் எழுதல் வேண்டும். பின்னதற்கே இருமடங்கு மதிப்பு. 40 மணித்துளியை அதற்கு ஒதுக்குக. அது ஒரு கருத்தை நிறுவிக் காட்டும் கட்டுரை. நெட்டுருப் போட்ட தொடர்கள் அங்கே உதவா. எடுத்துக்கொண்ட பொருளைத் தெளிந்த தமிழில் வீட்டாரோடு வழக்காடி, கரணியமும் எடுத்துக்காட்டும் கண்டு, அதன்பின் மொழிபெயர்க்காது நேரே ஆங்கிலத்தில் எழுதிப் பழகுவார்க்குச் சொல்லும் வரும், பொருளும் வரும். எண்ணத் தெரியாதவர்க்கு எம்மொழியும் துணை செய்யாது.

தமிழைக் காப்பார் ஆங்கிலத்தை அஞ்சியவர் அல்லர். தனித்தமிழுக்கே வாழ்வை ஈந்த மொழிஞாயிறு தேவநேயப் பாவாணர், 1966-ஆம் ஆண்டு தமிழின் முதன்மையை உலகுக்குணர்த்த ஆங்கிலத்திலேயே பெருநூல் எழுதினார். இரு மொழியும் அவரிடம் தூயனவாய் நின்றன. ஒன்றை மற்றொன்றிற் குழைத்திருப்பின் இரண்டும் நின்றிரா.

ஆங்கிலம் கதவைத் திறக்கும் திறவுகோல். திறவுகோல் வேண்டுவோர் அதனைச் செம்மையாய்ச் செய்துகொள்க. அதற்காக வீட்டை இடித்தல் வேண்டா!