பேப்பர் போடுவதற்கு முன் ஒரு பேப்பர்

“உங்க ப்ரொஃபைல் ஓகே ஆயிடுச்சு. ஆஃபர் லெட்டர் ரெண்டு நாள்ல வந்துடும். நீங்க பேப்பர் போட்டுடுங்க.” கன்சல்டன்சியிலிருந்து வரும் இந்த மாதிரித் தொலைபேசிப் பேச்சு, நோணாங்குப்பம், அரியாங்குப்பம், தவளக்குப்பம் பக்கம் படித்த பிள்ளைகள் உள்ள வீடுகளுக்குப் புதிதல்ல. மூன்று வாக்கியங்களில் முதல் இரண்டும் நம்பிக்கை. மூன்றாவது மட்டுமே செயல்: இருக்கும் வேலையை ராஜினாமா செய்வது. அந்தச் செயலின் விளைவு முழுவதும் வேலை தேடுகிறவர் தலையில் விழுகிறது. லெட்டர் வராமலே போனால் கன்சல்டன்சிக்குப் போவது ஒரு கமிஷன். இவருக்குப் போவது கையில் இருந்த வேலை. காண்ட்ராக்ட் வேலைக்கு ஆள் எடுப்பதில் இந்த நிச்சயமின்மை எங்கிருந்து பிறக்கிறது, அதன் செலவை யார் சுமப்பது நியாயம் என்பதே கேள்வி. வேலை பற்றிய விவரம் யார் கையில் இருக்கிறதோ அவரே சுமக்க வேண்டும் என்பது என் கருத்து. எழுத்தில் எதுவும் வராத வரை ஒருவர் இருக்கும் வேலையை விடவும் வேண்டாம், வேறு இடங்களில் தேடுவதை நிறுத்தவும் வேண்டாம். நிறுத்தவில்லை என்பதற்காக அவரை நாணயமற்றவர் என்று யாரும் சொல்லிவிடவும் முடியாது.

புதுச்சேரியில் இந்த விஷயத்தைப் பேசும்போது பஞ்சாலைகளை விட்டுவிட்டுப் பேச முடியாது. 1936 ஜூலை 30 அன்று சவானா ஆலையில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்து 12 பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டே எட்டு மணி நேர வேலை இங்கே பிரெஞ்சு ஆட்சியின் சட்டத்தில் ஏறியது. அந்தப் போராட்டத்தில் எத்தனையோ துயரம் இருந்தாலும் ஒரு குழப்பம் மட்டும் இல்லை: யாரிடம் கேட்பது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆலை கண்ணெதிரே இருந்தது, முதலாளிக்குப் பெயர் இருந்தது. 1898இல் தொடங்கிய ஏ.எஃப்.டி. ஆலை 2020 ஏப்ரல் 30 அன்று மூடப்பட்டதோடு அந்த வகை வேலையின் மிச்சமும் போயிற்று. அதற்குப் பதிலாக வந்திருக்கும் காண்ட்ராக்ட் வேலையில் ஒருவர் உட்கார்ந்து வேலை செய்வது ஒரு கம்பெனியில்; அவரைத் தன் பேரோலில் வைத்துச் சம்பளம் போடுவது இன்னொரு கம்பெனி; அவரைப் பிடித்துக் கொடுத்தது மூன்றாவதாக ஒரு கன்சல்டன்சி; சில சமயம் நடுவில் ஒரு சப் வெண்டாரும் உண்டு. ஒப்பந்ததாரர் சம்பளம் தராமல் போனால் முதன்மை நிறுவனமே தர வேண்டும் என்று 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் சொன்னது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் அந்தப் பொறுப்பு இருக்கிறது. நல்ல பாதுகாப்புதான். ஆனால் அதைப் பயன்படுத்த முதன்மை நிறுவனம் எது என்று தெரிந்திருக்க வேண்டும். “கிளையண்ட் பேர் இப்ப சொல்ல முடியாதுங்க, பெரிய எம்.என்.சி.” என்ற ஒரு வார்த்தையில் அந்தப் பாதுகாப்பு கையை விட்டுப் போய்விடுகிறது.

கன்சல்டன்சிகள் எல்லாம் ஏமாற்றுபவை என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலானவர்கள் சின்ன அலுவலகம் வைத்து நேர்மையாகப் பிழைக்கிறவர்கள். சிக்கல் ஆளின் குணத்தில் இல்லை, வருமானம் வரும் வழியில் இருக்கிறது. ஒரே காலியிடத்துக்கு ஆள் தேடச்சொல்லி ஒரு கம்பெனி நான்கு கன்சல்டன்சிகளிடம் சொல்கிறது. நால்வரில் யாருடைய ஆள் வேலையில் சேர்கிறாரோ அவருக்கு மட்டுமே பணம். ஆகவே ஒவ்வொருவரும் தம் பங்குக்கு ஆறேழு பேரைத் தயாராக நிறுத்திவைக்கிறார்கள். நிறுத்திவைக்கப்பட்டவரிடம் ‘உங்களுக்கு நாலில் ஒரு பங்கு வாய்ப்புகூட இல்லை’ என்று சொன்னால் அவர் நிற்பாரா? அதனால் எல்லோரிடமும் ‘உறுதி’ என்றே சொல்ல வேண்டியிருக்கிறது. இன்னும் சில நேரங்களில் காலியிடமே பிறந்திருக்காது, கிளையண்டிடமிருந்து பி.ஓ. (பர்ச்சேஸ் ஆர்டர்) வரவேண்டிய நிலையில், ‘ஆள் ரெடி’ என்று காட்டி அந்த ஆர்டரைப் பிடிப்பதற்காகவே பயோடேட்டா சேர்க்கப்படும். வேலை தேடுகிறவரின் காத்திருப்பு இங்கே ஒரு சரக்கு. அதற்கு அவருக்கு விலை கிடைப்பதில்லை, அவ்வளவுதான்.

இந்த ஏற்பாடு நமக்கு ஒன்றும் புதிதில்லை. 1848இல் பிரெஞ்சுக் குடியேற்றங்களில் அடிமை முறை ஒழிந்த பிறகு, கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் ரெயூனியன், மார்த்தினீக், குவாதலூப் தீவுகளுக்கு ஒப்பந்தக் கூலிகள் கப்பலேற்றப்பட்டார்கள். புதுச்சேரியிலிருந்து கிளம்பிய ஒரேலி என்ற கப்பல் 1853 மே மாதம் மார்த்தினீக் போய்ச் சேர்ந்தது. ஊர் ஊராகப் போய் ஆள் சேர்த்த மேஸ்திரிகளுக்குத் தலைக்கு இவ்வளவு என்று காசு. கப்பலில் ஏறிய தலைக்குக் காசு உண்டு. ஏறியவர் போன இடத்தில் எப்படி இருக்கிறார் என்பது மேஸ்திரியின் கணக்கில் வராது. இந்த ஆள்சேர்ப்பு பற்றி 1861இல் பிரிட்டனும் பிரான்சும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. போகிறவர் தன் ஒப்பந்தத்தையும், போகும் இடத்தையும், பயணம் எத்தனை காலம் என்பதையும் நன்றாக அறிந்து, சொந்த விருப்பத்தில்தான் போகிறாரா என்று அதிகாரிகள் உறுதி செய்துகொள்ளாமல் யாரையும் கப்பலில் ஏற்றக்கூடாது என்பது அதன் நிபந்தனைகளில் ஒன்று. நடைமுறையில் அந்த நிபந்தனை எந்த அளவுக்குக் காப்பாற்றியது என்பது வேறு கதை. தீவுகளில் அந்தத் தொழிலாளர்கள் பட்ட பாடு தெரிந்ததே. இரண்டு காலனி அரசுகளுக்கே தோன்றிய விஷயம் என்பதுதான் கவனிக்க வேண்டியது: ஆள்பிடிப்பவரின் வாய்ச்சொல் போதாது, ஒப்பந்தத்தின் விவரம் போகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

‘லெட்டர் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா’ என்று கேட்கலாம். ஆகாது. இன்போசிஸ் நிறுவனத்திடம் 2022இல் வேலைக் கடிதம் பெற்ற பட்டதாரிகள் சுமார் 2,000 பேர் இரண்டு ஆண்டுக்கு மேல் காத்திருந்ததாகத் தகவல் தொழில்நுட்பத் தொழிலாளர் அமைப்பான நைட்ஸ் மத்திய தொழிலாளர் அமைச்சகத்தில் புகார் செய்தது. அதன் பிறகு 2024இல்தான் அவர்களைச் சேர்க்கும் வேலை நடந்தது. 2023 பிப்ரவரியில் விப்ரோ, ஆண்டுக்கு 6.5 லட்சம் ரூபாய் என்று சொல்லித் தேர்ந்தெடுத்த புதியவர்களிடம் 3.5 லட்சத்துக்குச் சேர விருப்பமா என்று கேட்டது. நாடறிந்த நிறுவனங்கள், நேரடி நியமனம், கையில் கடிதம், அப்படியும் இந்தக் கதி. ஆனால் கவனியுங்கள்: அந்தப் பட்டதாரிகளால் புகார் கொடுக்க முடிந்தது. காட்ட ஒரு தாள் இருந்தது, கேட்க ஒரு பெயர் இருந்தது. கன்சல்டன்சிக்காரர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் பதிவை வைத்துக்கொண்டு அதே கதவைத் தட்ட முடியாது.

வெளிநாட்டு வேலை என்றால் பணயம் இன்னும் பெரிது. 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவுச் சான்று இல்லாமல் வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்பது குற்றம். பதிவு பெற்ற ஏஜெண்டும் தொழிலாளியிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாய், அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.; ஆக 35,400. லட்சக்கணக்கில் கேட்பவர் அந்தக் கணத்திலேயே சட்டத்துக்கு வெளியே நிற்கிறார். ‘சப் ஏஜெண்ட்’ என்று ஊருக்குள் உலவுகிறவருக்குச் சட்டத்தில் இடமே இல்லை. பதிவு பெற்றவர்களின் பட்டியல் வெளியுறவு அமைச்சகத்தின் இமைகிரேட் தளத்தில் இருக்கிறது. பார்க்க ஐந்து நிமிடம் ஆகும். படித்தவர்கள் ஏமாற மாட்டார்கள் என்ற நினைப்பையும் 2022 உடைத்துவிட்டது. தாய்லாந்தில் டிஜிட்டல் மார்க்கெட்டிங் வேலை என்று அழைக்கப்பட்ட கணினி தெரிந்த இளைஞர்கள் எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடிப் பகுதிக்குக் கொண்டுபோகப்பட்டு, இணைய மோசடிக் கூடங்களில் அடைக்கப்பட்டார்கள். அவ்வாண்டு செப்டம்பரில் வெளியுறவு அமைச்சகம் எச்சரிக்கை வெளியிட்டது. மீட்கப்பட்டுத் திரும்பியவர்களில் தமிழ்நாட்டுக்காரர்களும் இருந்தார்கள். சுற்றுலா விசாவில் போய் அங்கே வேலை விசாவுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்ற பேச்சை நம்பித்தான் இந்த மாதிரிப் பயணங்கள் தொடங்குகின்றன.

இதற்கெல்லாம் வலுவான மறுப்பு ஒன்று உண்டு: எழுத்தில் கேட்டுக்கொண்டே நின்றால் வாய்ப்பு வேறொருவருக்குப் போய்விடும். சில நேரம் போகும்தான். அதை மறைப்பதில் பயனில்லை. கையில் வேலை இல்லாதவருக்குக் கணக்கும் வேறு. உள்ளூரிலோ சென்னையிலோ ஒரு காண்ட்ராக்ட் வாய்ப்பு அரைகுறையாகத் தெரிந்தாலும், அதற்காகப் பணம் கட்டவோ அசல் சான்றிதழைக் கொடுக்கவோ வேண்டியதில்லை என்றால், போய்ப் பார்ப்பதில் அவருக்கு நட்டம் பேருந்துக் கட்டணம்தான். ஆனால் வேலையில் இருப்பவர் இழக்கப்போவது மாதச் சம்பளம். அவர் கேட்பதும் பெரிதாக ஒன்றுமில்லை: யாருடைய பேரோல், எந்தக் கிளையண்ட், எத்தனை மாதம், கையில் என்ன வரும், பி.எஃப். உண்டா, கிளையண்ட் நிறுத்தச் சொன்னால் எத்தனை நாள் நோட்டீஸ். நிஜமாகவே பி.ஓ. கையில் வைத்திருப்பவர் இதை ஒரு மின்னஞ்சலில் பத்து நிமிடத்தில் அனுப்பிவிடலாம். இன்னும் வரவில்லை என்றால், வரவில்லை என்று எழுதலாமே. கிளையண்ட் கடைசி நேரத்தில் கைவிரிப்பது கன்சல்டன்சியின் தப்பு இல்லை. கைவிரிக்கக்கூடும் என்று தெரிந்தும் ‘பேப்பர் போடுங்க’ என்பது அவர் தப்புதான்.

இரண்டாவது மறுப்பு நாணயம் பற்றியது. ஒருவரிடம் சம்மதம் சொல்லிவிட்டு இன்னொரு இன்டர்வியூவுக்குப் போகலாமா? கம்பெனி ஒரே இடத்துக்குப் பல பேரைப் பார்க்கிறது. அதை யாரும் துரோகம் என்பதில்லை. முன்மொழிவுக்கு எதிர்த்தரப்பின் ஏற்பு முறையாகத் தெரிவிக்கப்படும் வரை அதைத் திரும்பப் பெறலாம் என்பதே 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம். முன்மொழிவே எழுத்தில் வராதபோது வேலை தேடுகிறவரை மட்டும் அது எப்படிக் கட்டும்? இதில் ஒரே ஒரு விதிவிலக்கை ஒப்புக்கொள்வேன். ஒரே கிளையண்டுக்கு ஒருவரின் ப்ரொஃபைல் இரண்டு கன்சல்டன்சி வழியாகப் போனால் அந்தக் கிளையண்ட் இரண்டையும் ஒதுக்கிவிடுவது வழக்கம். ஆகவே அந்த ஒரு கிளையண்டுக்கு ஒருவர் மூலம் மட்டுமே போவேன் என்று வாக்குத் தருவது நியாயம். அதற்கும் கிளையண்டின் பெயர் தெரிய வேண்டும்! லெட்டரில் கையெழுத்துப் போட்ட பிறகு சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்காக நான் வாதாடவில்லை. அந்த இடத்துக்குக் காத்திருந்த இன்னொருவரின் நாட்களையும் சேர்த்தே அவர்கள் வீணாக்குகிறார்கள்.

ஒவ்வொருவரும் தனித்தனியே மின்னஞ்சல் எழுதிக் கேட்டுக்கொண்டிருப்பது எத்தனை நாளைக்கு என்பதும் ஒரு கேள்வி. பிரிட்டனில் ஏஜென்சி மூலம் வேலைக்குப் போகிறவரிடம், யார் சம்பளம் தருவார், பிடித்தம் போக எவ்வளவு கையில் வரும் என்று ஒப்பந்தத்துக்கு முன்பே ஒரு தாளில் எழுதிக் கொடுப்பது 2020 ஏப்ரல் முதல் கட்டாயம். வேலை தேடித்தந்ததற்கு அவரிடமே கட்டணம் வாங்குவதற்கும் அங்கே பொதுவாகத் தடை உண்டு. நம் நாட்டில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு நியமனக் கடிதத்தைக் கட்டாயமாக்கியிருக்கிறது. ஆனால் அது வேலை தருகிறவரைக் கட்டுப்படுத்தும். கடிதம் வருவதற்கு முன் ‘பேப்பர் போடுங்க’ என்று சொல்கிற இடைத்தரகரை அல்ல. உள்நாட்டில் தனியார் வேலைவாய்ப்பு நிறுவனங்களை நெறிப்படுத்த நாடு முழுமைக்குமான தனிச் சட்டம் கிடையாது. சத்தீஸ்கர், ஜார்க்கண்ட் போன்ற மாநிலங்கள் தாமாகவே சட்டம் செய்திருக்கின்றன. தொழிலாளர் நலன் பொதுப் பட்டியலில் இருப்பதால் புதுச்சேரிச் சட்டமன்றமும் இதைச் செய்யலாம். பதிவு செய்துகொள்ளாத கன்சல்டன்சி ஆள் சேர்க்கக்கூடாது. முதன்மை நிறுவனத்தின் பெயர் சொல்லாமல் யாரையும் வேலையை விடச் சொல்லக்கூடாது. விவரத்தாள் தமிழில் இருக்க வேண்டும். இப்படி மூன்றே விதி போதும், நான்கு பக்கத்தில் முடிந்துவிடும். கடைசி விதி ஆடம்பரம் என்று தோன்றினால் ஐக்கிய அரபு அமீரகத்தைப் பார்க்கலாம். அங்கே 2016 முதல் வேலைக் கடிதத்தைத் தொழிலாளிக்குப் புரியும் மொழியிலும் தர வேண்டும்; அதற்கென அரசு ஏற்றுக்கொண்ட மொழிகளில் தமிழும் ஒன்று. துபாய்க்கு வேலைக்குப் போகும் நோணாங்குப்பத்துக்காரருக்குத் தமிழில் ஒரு தாள் கேட்கும் உரிமை இருக்கிறது. சேதராப்பட்டுத் தொழிற்பேட்டைக்குக் காண்ட்ராக்டில் போகும் அவர் தம்பிக்கு இல்லை.