போன்சாய்: பட்டினி போட்டு வளர்க்கும் மரமா?

தமிழில் புதுக்கவிதை எழுதுகிறவர்களுக்குப் போன்சாய் என்றால் கொண்டாட்டம்தான். சிறகு வெட்டப்பட்ட பெண்ணா? போன்சாய். டியூஷனுக்கும் டியூஷனுக்கும் நடுவில் நசுங்குகிற குழந்தையா? போன்சாய். அடக்குமுறை என்று எதைச் சொல்ல வேண்டுமானாலும் ஒரு தொட்டியும் ஒரு குட்டை மரமும் கைவசம் தயார். போதாக்குறைக்கு வாஸ்துக்காரர்கள் வேறு... வீட்டில் போன்சாய் வைத்தால் குடும்பத்தின் வளர்ச்சியே நின்றுவிடுமாம்! கவிஞரும் வாஸ்துக்காரரும் வேறு எதிலும் ஒத்துப்போவதில்லை. இதில் மட்டும் ஒரே குரல்: வேரை வெட்டி, சாப்பாடு போடாமல், கம்பியால் முறுக்கி, வளரவிடாமல் வைத்திருக்கும் மரம் அது.

சரி, ஜப்பானியக் கறுப்புப் பைன் போன்சாயாவதற்கு என்ன நடக்கிறது என்று இவர்களில் எத்தனை பேர் எட்டிப் பார்த்திருப்பார்கள்?

குரோமாட்சு என்பது அதன் ஜப்பானியப் பெயர். உப்புக் காற்று அடிக்கும் கடற்கரைகளில் வளரும் முரட்டு மரம். ஜப்பானில் உருவாகும் பைன் போன்சாய்களில் சுமார் 80 சதவீதம் ககாவா மாகாணத்தின் தகமாட்சு நகரிலிருந்து வருகிறது. அங்கே கினாஷி, கொகுபுன்ஜி பகுதிகளில் பைன்கள் தட்டையான பீங்கான் தொட்டியில் உட்கார்ந்திருப்பதில்லை. வயலில், மண்ணில், வரிசை வரிசையாக நிற்கின்றன. வெயில், தண்ணீர், உரம் எதிலும் குறையில்லை. போன்சாய்த் தொட்டி என்பது மரத்தின் வாழ்க்கையில் கடைசியில் வருகிற விஷயம். முதலில் அடிமரம் பருக்க வேண்டும். தொட்டியில் வைத்தால் அது பருக்காது. அவ்வளவுதான் கணக்கு.

எப்படிப் பருக்க வைக்கிறார்கள்? இங்கேதான் வேடிக்கை. ஒரு கிளையை வெட்டாமல், கிள்ளாமல், இஷ்டத்துக்கு ஓடவிடுகிறார்கள். கடைசியில் ஓரடி உயரமே இருக்கப்போகிற மரத்தின் மேல் ஆறடி, ஏழடிக்கு ஒரு கிளை கொடிக்கம்பம் போல நிற்கும். பார்க்கச் சகிக்காது. ஆனால் அந்தக் கிளையின் இலைகள் சம்பாதிக்கும் உணவுதான் கீழே அடிமரத்தைத் தடிக்க வைக்கிறது. போதிய பருமன் வந்ததும் அந்தக் கிளையை வெட்டிவிடுவார்கள். பலிகொடுக்கவென்றே வளர்க்கும் கிளை! அடுத்து இன்னொன்றை ஓடவிடுவார்கள். இதற்கிடையே அடியில் இருக்கும் குட்டிக் கிளைகளுக்கு நிழல் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பைன் மரம் வயதான வெற்றுக் கட்டையிலிருந்து லேசில் துளிர்க்காது. கீழ்க்கிளை செத்தால் செத்ததுதான். பத்து, இருபது வருடம் இதே வேலை. வளரவிடாமல் தடுப்பது என்று இதற்குப் பெயர் வைத்தால், தடுப்பது என்ற சொல்லுக்கே வேறு அர்த்தம் தேட வேண்டியிருக்கும்.

அடுத்தது செம்மையாக்கும் கட்டம். கவிஞர்களுக்குப் பிடித்த கத்தரி இப்போதுதான் முழுவீச்சில் வருகிறது. வசந்தத்தில் கறுப்புப் பைனின் தளிர்கள் மெழுகுவர்த்தி போல நிமிர்ந்து நிற்கும். கோடையின் தொடக்கத்தில், ஜூன் ஜூலை வாக்கில், அந்த வருடத் தளிரை அடியோடு வெட்டிவிடுகிறார்கள். மெகிரி என்று இதற்குப் பெயர். கொடூரம் என்று கத்தத் தோன்றுகிறதா? கொஞ்சம் பொறுங்கள். வெட்டிய இடத்தில் சில வாரங்களில் புது மொட்டுகள் கிளம்பும். குளிர் வருவதற்குள் மிச்சமிருக்கும் நாட்கள் குறைவு. அதனால் இரண்டாவது தளிர்கள் குட்டையாக நின்றுவிடும், ஊசி இலைகளும் சின்னதாகும். இயல்பில் பத்து சென்டிமீட்டர் வரை போகிற இலை இரண்டு மூன்று சென்டிமீட்டரில் நிற்கும். ஒன்று இருந்த இடத்தில் பல மொட்டுகள் வருவதால் இலையுதிர் காலத்தில் இரண்டை மட்டும் விட்டுவிட்டு மற்றதைக் கிள்ளுவார்கள். இப்படித்தான் கிளை இரண்டாக, நாலாகப் பிரிந்து அடர்த்தியாகிறது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இந்த வெட்டைத் தாங்க மரம் கொழுகொழுவென்று இருக்க வேண்டும். வசந்தம் முழுக்க உரத்தை வாரி வழங்கி, பலம் ஏற்றிய பிறகே கத்தரியை எடுக்கிறார்கள். நோஞ்சான் மரத்தில் மெகிரி செய்தால் இரண்டாவது தளிர் வராது, கிளை காய்ந்துபோகும். நோய்ப்பட்ட மரமா, சமீபத்தில் தொட்டி மாற்றிய மரமா, அந்த வருடம் அதைத் தொடவே மாட்டார்கள். பட்டினி போட்டு வளர்ப்பதாகச் சொல்லும் கலையின் முக்கியமான வேலையே பட்டினி கிடந்த மரத்தில் செய்ய முடியாது என்றால், குற்றச்சாட்டு எங்கே நிற்கிறது?

அதோடு முடியவில்லை. பைனுக்கு உச்சியில் பலம் அதிகம், கீழேயும் உள்ளேயும் குறைவு. விட்டால் மேல்கிளை கீழ்க்கிளையைக் கொன்றுவிடும். காட்டில் அதுதான் நடக்கிறது. போன்சாய்க்காரர் என்ன செய்கிறார்? பலவீனமான தளிர்களை முதலில் வெட்டி, அவை மீண்டும் வளரக் கூடுதல் நாள் கொடுக்கிறார். பலமானவற்றைப் பத்து நாள் கழித்து வெட்டுகிறார். பழைய இலைகளைப் பிடுங்கும்போது மேலே குறைவாகவும் கீழே அதிகமாகவும் மிச்சம் வைக்கிறார். இடஒதுக்கீடு மாதிரி என்று யாராவது சொன்னால் சண்டைக்கு வர இங்கே ஆள் இருக்கிறது, எனவே அந்தப் பேச்சு வேண்டாம் :-)

இப்படியெல்லாம் இருக்க இந்தக் கெட்ட பெயர் எங்கிருந்து வந்தது? கவிஞர்களை மட்டும் திட்டிப் பிரயோஜனமில்லை. பாதிப் பழி போன்சாய் என்ற பெயரில் அவசர வியாபாரம் செய்கிறவர்களுக்குப் போக வேண்டும். ஒரு நாற்றைச் சின்னத் தொட்டியில் திணித்து, கம்பி சுற்றி, மேலே கூழாங்கல்லைப் பசை போட்டு ஒட்டி, ‘போன்சாய்’ என்று லேபிள் மாட்டி விற்கிறார்கள். வாங்கியவர் அதை டிவிக்குப் பக்கத்தில் வைக்கிறார். வெயில் இல்லை, காற்று இல்லை, மரம் சாகிறது. ‘பார்த்தாயா, பாவம்’ என்று ஊர் சொல்கிறது. அது பாவம்தான். ஆனால் அது குரோமாட்சு வளர்ப்பு அல்ல. அவசரம்.

எதிர்த்தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. கம்பியைச் சுற்றிவிட்டு மறந்தால் அது பட்டைக்குள் புதைந்து, பல வருடம் மாறாத தழும்பு விழும். மலையில் நூற்றாண்டுகளாக நின்ற மரங்களைப் பெயர்த்து வந்து சாகடித்தவர்களும் உண்டு. இதற்கெல்லாம் வக்காலத்து வாங்க வேண்டியதில்லை. ஆனால் மோசமான சமையல்காரனைக் காட்டிச் சமையலே விஷம் என்பது என்ன வாதம்?

குட்டையாக்கினால் ஆயுள் குறையும் என்கிறவர்கள் வாஷிங்டன் தேசியத் தாவரத் தோட்டத்தில் இருக்கும் ஒரு பைனைப் பார்க்க வேண்டும். அது கறுப்பு அல்ல, வெள்ளைப் பைன். 1625 முதல் தொட்டியில் வளர்க்கப்படுவதாகக் கணக்கு. ஹிரோஷிமாவில் 1945-ல் அணுகுண்டு விழுந்தபோது சுமார் மூன்று கிலோமீட்டர் தூரத்தில் ஒரு மதில் சுவருக்குப் பின்னால் நின்று தப்பித்தது. மசாரு யமாகி 1976-ல் அதை அமெரிக்காவுக்குப் பரிசாகக் கொடுத்தார். குண்டுக்குத் தப்பிய மரம் என்பதே 2001-ல் அவருடைய பேரன்கள் தேடி வந்தபோதுதான் அங்கே தெரியவந்தது.

இன்னொரு சம்பவம். 2019 ஜனவரியில் சைதாமா மாகாணத்தில் கவாகுச்சி நகரில் ஒரு குடும்பத்தின் தோட்டத்திலிருந்து ஏழு போன்சாய்களைத் திருடிக்கொண்டு போனார்கள். அதில் ஒன்று சுமார் 400 வயதான ஷிம்பாக்கு ஜூனிப்பர். லட்சக்கணக்கில் மதிப்புள்ள மரங்கள். அந்தக் குடும்பத்துப் பெண்மணி இணையத்தில் திருடர்களைத் திட்டி எழுதவில்லை. யார் எடுத்திருந்தாலும் அதற்குத் தண்ணீர் ஊற்றுங்கள், தண்ணீர் இல்லாமல் ஒரு வாரம்கூடத் தாங்காது என்று கேட்டு எழுதினார். எப்படி ஊற்ற வேண்டும் என்றும் சொல்லிக்கொடுக்கத் தயாராக இருந்திருப்பார் போல.