கடலைப் பார்க்கப் போகலாம்!

சேலம் மாவட்டத்துக்குக் கடற்கரை கிடையாது. நாமக்கல் மாவட்டத்துக்கும் கிடையாது. மலை உண்டு. ஏரி உண்டு. காவிரி உண்டு. கடல் மட்டும் இல்லை.

நாமக்கல் லாரி டிரைவர் நாட்டின் கடல்களை எல்லாம் பார்த்துவிடுகிறார். காண்ட்லாவுக்குச் சரக்கு ஏற்றிப் போகிறார். விசாகப்பட்டினம் போகிறார். தூத்துக்குடி போகிறார். ஆனால், அவருடைய மனைவி? பிள்ளைகள்? அவர்களில் பலர் கடலைச் சினிமாவில் பார்த்ததோடு சரி! எழுபது வயது வரை கடல் தண்ணீரில் கால் நனைக்காத பாட்டிமார்கள் இந்தப் பக்கத்துக் கிராமங்களில் இருக்கிறார்கள்.

பணம் இல்லை என்பது மட்டுமா காரணம்? அல்ல. வீட்டில் கறவை மாடு நிற்கிறது. கோழிப் பண்ணையை விட்டு நகர முடியாது. பள்ளிபாளையம், திருச்செங்கோடு பக்கம் விசைத்தறி. தறி ஓடாத நாள் கூலி இல்லாத நாள். "மாட்டுக்கு யார் தண்ணீர் காட்டுவது?" என்ற ஒரே கேள்வியில் எத்தனையோ பயணங்கள் நின்று போகின்றன.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. பக்கத்துத் தோட்டத்துக் குடும்பத்தோடு முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளலாம். இந்த மாதம் இவர்கள் போனால், அவர்கள் மாட்டைப் பார்த்துக்கொள்வார்கள். அடுத்த மாதம் அவர்கள் போனால், இவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆறு மாதம் உண்டியலில் போட்ட பணம் போதும். இதற்காகக் கடன் வாங்குவது மட்டும் கூடாது. மூன்று நாள் சந்தோஷத்துக்கு மூன்று மாதம் வட்டி கட்டுவதா?

வேன் பயணம் வேண்டாம்

சாதாரணமாக என்ன நடக்கிறது? ஊரில் இருபது பேர் சேர்ந்து ஒரு வேன் பிடிக்கிறார்கள். இரவு பத்து மணிக்குப் புறப்படுகிறார்கள். விடிய விடியப் பாட்டு. யாருக்கும் தூக்கம் இல்லை. காலையில் ஒரு கோவில், பத்து மணிக்கு இன்னொரு கோவில். உச்சி வெயிலில் கடற்கரை! தூக்கம் கெட்ட கண்ணும், களைத்த உடம்புமாக வாலிபர்கள் கடலில் குதிக்கிறார்கள். "அரை மணி நேரம்தான், சீக்கிரம்!" என்று டிரைவர் அவசரப்படுத்துகிறார்.

கோடை விடுமுறை வந்தால், கடலில் குளிக்கப் போனவர் மூழ்கிய செய்தி பத்திரிகையில் வருகிறது. இந்த அவசரம் அதற்கு ஒரு பெரிய காரணம்.

கடலுக்குப் போனால் கடலுக்காகவே போக வேண்டும். கோவில்களை வேறொரு பயணத்துக்கு வைத்துக்கொள்ளலாம். போக ஒரு நாள், கடலுக்கு ஒரு நாள், திரும்ப ஒரு நாள். இரண்டு இரவு தங்கல். அவ்வளவுதான்.

காவிரியோடு போகும் ரெயில்

எந்தக் கடல்? சேலம், நாமக்கல் மக்களுக்குச் சொந்தமான கடல் ஒன்று இருக்கிறது. அவர்கள் குடிக்கும் காவிரி போய்ச் சேரும் கடல்!

சேலத்தில் இருந்து நாமக்கல் வழியாகக் கரூருக்கு ரெயில் பாதை 2013-ம் ஆண்டில் திறக்கப்பட்டது. 2023-ம் ஆண்டில் சேலத்துக்கும் மயிலாடுதுறைக்கும் நேர் ரெயில் வந்தது. முன்பதிவு தேவை இல்லாத ரெயில். ஏறத்தாழ 280 கிலோ மீட்டர் தூரம். ராசிபுரம், நாமக்கல், மோகனூர் தாண்டியதும் பாலத்தில் காவிரியைக் கடக்கிறது. பிறகு கரூர், குளித்தலை, திருச்சி, தஞ்சை, கும்பகோணம். ஏழு மணி நேரத்துக்கு மேல் ஆகும். கட்டுச்சோறு மூட்டையை அவிழ்க்க நல்ல இடம் குளித்தலை! ஜன்னல் பக்கம் வாழைத் தோட்டமும், வயலும் ஓடிக்கொண்டே இருக்கும். ரெயில் நேரம் அவ்வப்போது மாறும். புறப்படுவதற்கு முந்தின வாரம் நிலையத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மயிலாடுதுறையில் இருந்து இரண்டு ஊருக்குப் பஸ் உண்டு. ஒன்று பூம்புகார். மற்றது தரங்கம்பாடி.

பூம்புகாரில் காவிரி கடலில் கலக்கிறது. பார்ப்பவர்களுக்கு ஒரு ஆச்சரியம் காத்திருக்கிறது. மேட்டூரில் கடல் போல நிற்கும் காவிரி, மோகனூரில் அகன்று ஓடும் காவிரி, இங்கே சிறு வாய்க்கால் போல இருக்கிறது! காரணம் என்ன? வழியில் கொள்ளிடம் பிரிகிறது. கல்லணையில் வெண்ணாறு பிரிகிறது. கால்வாய்கள் பிரிகின்றன. வயல்களுக்கெல்லாம் கொடுத்துக் கொடுத்து மெலிந்து போய்த்தான் காவிரி கடலுக்கு வருகிறது. 1934-ல் கட்டி முடித்த மேட்டூர் அணையின் தண்ணீர் எங்கே போகிறது என்று பிள்ளைகளுக்குப் பாடப் புத்தகத்தில் சொல்வதைவிட, இங்கே நிறுத்திக் காட்டினால் விளங்கும். சிலப்பதிகாரக் கதையைச் சிற்பமாகச் செதுக்கிய கலைக்கூடமும் இந்த ஊரில் இருக்கிறது.

தரங்கம்பாடியில் டென்மார்க் நாட்டார் கட்டிய கோட்டை கடலைப் பார்த்து நிற்கிறது. தஞ்சை ரகுநாத நாயக்கரின் அனுமதியோடு 1620-ல் அவர்கள் இங்கே வந்தார்கள். 1845-ல் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். 1706-ல் சீகன்பால்க் என்ற ஜெர்மன் பாதிரியார் இங்கே இறங்கினார். தமிழ் கற்றார். அச்சுக்கூடம் அமைத்தார். பைபிளின் புதிய ஏற்பாடு 1715-ல் தமிழில் அச்சாகி வந்தது. தமிழில் அதற்கு முன்பே புத்தகம் அச்சாகியது உண்டு. ஆனாலும், எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கியிருக்கும் ஒருவர் நின்று பார்க்க வேண்டிய ஊர் இது. கரையோரம் மாசிலாமணிநாதர் கோவில். பாண்டியர் காலத்துக் கோவில். அதன் முன்பகுதியைக் கடல் கொண்டு போய்விட்டது. கடலின் பலத்துக்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

கிணறு வேறு, கடல் வேறு

கொங்கு நாட்டுப் பிள்ளைகள் நீச்சலுக்குப் பயந்தவர்கள் அல்ல. காய்ந்த சுரைக்குடுக்கையை முதுகில் கட்டிக்கொண்டு கிணற்றில் குதித்துப் பழகியவர்கள். காவிரியில் எதிர்நீச்சல் போட்டவர்கள். அதுதான் ஆபத்து! நீச்சல் தெரியாதவன் கரையிலேயே நிற்பான். கிணற்று நீச்சல் தெரிந்தவன் துணிந்து உள்ளே போவான்.

கிணற்றுத் தண்ணீர் நின்ற இடத்தில் நிற்கும். ஆற்றுத் தண்ணீர் ஒரே பக்கம் ஓடும். கடல் தண்ணீர் அப்படி அல்ல. அலை, கரையில் தண்ணீரைக் கொண்டு வந்து கொட்டுகிறது. கொட்டிய தண்ணீர் திரும்பிப் போக வேண்டும் அல்லவா? கடலுக்கு அடியில் மணல் மேடுகள் இருக்கின்றன. மேட்டில் எங்கே பள்ளம் இருக்கிறதோ, அந்த வழியாகத் தண்ணீர் ஒன்று சேர்ந்து, மடை திறந்த வாய்க்கால் போலக் கடலுக்குள் பாய்கிறது. அந்த இடத்தில் அலை குறைவாக இருக்கும். தண்ணீர் அமைதியாகத் தெரியும். "இங்கே அலை இல்லை, குளிக்க வசதி" என்று வெளியூர்க்காரர் இறங்குவது அந்த இடத்தில்தான்!

இந்த இழுப்பில் சிக்கியவன் பயந்துபோய்க் கரையை நோக்கி நீந்துகிறான். எவ்வளவு நீந்தினாலும் நகர முடியாது. பலம் போய்விடுகிறது. அதனால்தான் மூழ்குகிறான். இழுப்பு ஆளைக் கீழே அமுக்குவதில்லை. வெளியே தள்ளிக்கொண்டுதான் போகிறது. அப்போது செய்ய வேண்டியது, மல்லாந்து மிதப்பது. கையைத் தூக்கி ஆட்டிக் கூப்பிடுவது. தெம்பு இருந்தால், கரையை நோக்கி அல்ல, கரையோடு ஒட்டினாற்போலப் பக்கவாட்டில் நீந்துவது. வாய்க்கால் குறுகியது. அதைத் தாண்டிவிட்டால் அலையே கரைக்குக் கொண்டு வந்து சேர்க்கும்.

காப்பாற்றுவதாக நினைத்து அண்ணனும், தம்பியும் ஒருவர் பின் ஒருவராகக் குதிக்கக் கூடாது. மூடிய காலித் தண்ணீர்க் கேனை வீச வேண்டும். கயிறு வீச வேண்டும். பக்கத்து மீனவரைக் கூப்பிட வேண்டும். 112-க்குப் போன் செய்ய வேண்டும். கடலோரப் பாதுகாப்புக் குழுமப் போலீசுக்கு 1093.

இவ்வளவும் தெரிந்துகொண்ட பிறகும், முழங்கால் ஆழத்துக்கு மேல் போகாமல் இருப்பதே நல்லது. எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடத்தில் அதுவும் வேண்டாம். அலைத்தடுப்புக் கற்களில் பாசி பிடித்திருக்கும். அதில் ஏறிப் படம் எடுப்பது வேண்டாம். குடித்தவர் கடலோரம் போகவே கூடாது. கடல் திடீரென்று உள்வாங்கினால், வேடிக்கை பார்க்காமல் மேட்டுப் பக்கம் ஓட வேண்டும். 2004 டிசம்பர் 26-ந் தேதி சுனாமி இந்தக் கரையில் எத்தனையோ மீனவக் குடும்பங்களைக் கொண்டு போயிற்று.

குளிக்காவிட்டால் கடற்கரையில் என்ன வேலை என்று பிள்ளைகள் கேட்பார்கள். வேலை நிறைய உண்டு! மணலில் வீடு கட்டலாம். நண்டு வளையைத் தேடலாம். காற்றாடி விடலாம். ஈர மணலில் இரண்டு மைல் நடக்கலாம். தை, மாசி மாதங்களில் கடல் ஆமைகள் இரவில் கரையேறி முட்டை இடும் கரை இது. ஆமையைக் கண்டால் விளக்கு அடிக்கக் கூடாது. படகில்தான் போக வேண்டும் என்று அடம் பிடித்தால், சிதம்பரம் அருகே பிச்சாவரத்தில் சதுப்பு மரக் காட்டுக்குள் சுற்றுலாத் துறைப் படகு இருக்கிறது. மிதவைச் சட்டை போட்டுக்கொண்டு ஏற வேண்டும்.

மீன் வாங்கும் நேரம்

எல்லாவற்றையும்விட, விடியற்காலையில் படகு கரைக்கு வருவதைப் பார்க்க வேண்டும். வலையில் இருந்து மீனை உதறுகிறார்கள். ஏலம் போகிறது. பெண்கள் கூடையில் வாங்கி விற்கப் புறப்படுகிறார்கள். அது அவர்களுடைய தொழில் நேரம். காயும் வலையை மிதிக்காமல், ஒதுங்கி நின்று பார்க்க வேண்டும். கேட்காமல் படம் எடுக்கக் கூடாது.

ஏரி மீனும், அணை மீனும் சாப்பிட்டவர்களுக்கு இங்கே நெத்திலி, சங்கரா, மத்தி, நண்டு, இறால் என்று பல தினுசு கிடைக்கும். கண் தெளிவாக, செவுள் சிவப்பாக, விரலால் அழுத்தினால் சதை மேலே எழும்பினால் அது நல்ல மீன். வஞ்சிரம்தான் வேண்டும் என்று பர்சைக் காலி செய்ய வேண்டியதில்லை. மத்தி மலிவு, சத்தும் அதிகம். மீன் சாப்பிடாதவர்களுக்கு இளநீர் உண்டு. தை மாதம் பனங்கிழங்கு உண்டு. வழியில் கும்பகோணத்துக் காப்பி உண்டு.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. மீன் இனப்பெருக்கத்துக்காக அரசு வைத்திருக்கும் தடைக்காலம் அது. பள்ளிக்கூட விடுமுறையும் அதே சமயம்தான்! அப்போது நாட்டுப் படகு கொண்டு வரும் மீன்தான் கிடைக்கும். விலை கூடுதலாக இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் புயல் பயம். பொங்கல் முடிந்து மாசி முடிய வரும் சனி, ஞாயிறுதான் நல்ல காலம். அந்தச் சமயத்தில் வெயிலும் ஏறியிருக்காது.

பச்சை மீனை ஊருக்குக் கட்டிக்கொண்டு வர ஆசைப்பட வேண்டாம். ஏழு மணி நேரம் தாங்காது. கருவாடு வாங்கலாம். நன்றாகக் காய்ந்ததாகப் பார்த்து வாங்கி, நாலு தாளில் சுற்றி, மூடி போட்ட டப்பாவில் வைக்க வேண்டும். சும்மா பையில் போட்டுக்கொண்டு ஏறினால், கும்பகோணம் தாண்டுவதற்குள் ரெயில் பெட்டியில் சண்டை வந்துவிடும்!