மருந்தும் தலையெழுத்தும்

ஒரே மருந்தை இரண்டு பேருக்குக் கொடுக்கிறார்கள். ஒருவர் எழுந்து நடக்கிறார். மற்றொருவர் சாகக் கிடக்கிறார். உடனே நம் ஜனங்கள், "அவனவன் தலையெழுத்து" என்று சொல்லிவிட்டுச் சும்மா இருந்து விடுகிறார்கள். ஆழ்வார்திருநகரிக் கோயில் உறங்காப்புளியின் இலை இராத்திரியிலும் மூடுவதில்லை என்பதற்கு ஆயிரம் காரணம் சொல்லக் கூடியவர்கள், பக்கத்து வீட்டுக்காரருக்கு ஊசி போட்டதும் மூச்சு நின்றதேன் என்று கேட்டால் மாத்திரம் மேலே கையைக் காட்டுகிறார்கள். இதனால் வைத்தியருக்கும் சௌகரியம், கடவுளுக்கும் சௌகரியம், செத்தவருக்குத்தான் சௌகரியமில்லை.

எழுத்து ஒன்று இருப்பது வாஸ்தவந்தான். ஆனால் அது தலையில் இல்லை. உடம்பின் ஒவ்வொரு அணுவிலும் இருக்கிறது. எழுதியவன் பிரமனல்ல, தாய் தகப்பன் வழியாக வந்தது. அதைப் படிக்கவும் முடியும். அப்படிப் படித்து, இன்னாருக்கு இன்ன மருந்து ஆகும், ஆகாது என்று அறிவதற்குத்தான் மருந்து மரபியல் என்று பெயர்.

ஓர் உதாரணம் சொல்லுகிறோம். ஆபரேஷனுக்கு முன் தசைகளைத் தளர்த்தி, மூச்சுக்குழாயில் டியூப் வைப்பதற்காகச் சக்சினைல்கோலின் என்ற மருந்தைப் போடுவதுண்டு. இரத்தத்திலுள்ள ஒரு நொதி அதைச் சில நிமிஷங்களில் உடைத்துவிடும். அந்த நொதி பிறவியிலேயே இல்லாதவர்களுக்கோ மணிக்கணக்காகச் சுவாசம் தானே திரும்பாது. யந்திரத்தால் மூச்சுக் கொடுத்து வந்தால் பிழைப்பார்கள். விஷயம் தெரியாமல் டியூபை எடுத்தால் உயிர் போகும். ஆரிய வைசிய சமூகத்தாரிடம் இக்குறை மற்றவர்களைவிட மிக அதிகம். இதற்குக் காரணமான பிறவி மாற்றத்தைக் கோயமுத்தூர் பாரதியார் பல்கலைக் கழகத்துப் பூபதி முதலானவர்கள் 2006இல் வெளியிட்டார்கள்.

ஒரு சமூகத்தில் மாத்திரம் ஏன் இப்படி? தலைமுறை தலைமுறையாகத் தங்களுக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் வாங்கியதுதான் காரணம். இது அவர்களுக்கு இழிவல்ல. ஏனெனில் அவர்கள் மாத்திரம் அப்படிச் செய்யவில்லை. ஐதராபாத் ஆராய்ச்சியாளர்களும் அமெரிக்க ஆராய்ச்சியாளர்களும் தென்னாசியாவில் 260க்கு மேற்பட்ட கூட்டத்தாரைச் சோதித்து, 81 கூட்டத்தார் ஒரு சில மூதாதையரிடமிருந்தே பெருகிய அடையாளம் பலமாகத் தெரிகிறதென்று 2017இல் எழுதினார்கள். சுத்த இரத்தம் என்று பெருமை பேசுகிறவர்கள், அந்தச் சுத்தம் கொண்டுவந்த சொத்து இதுதானா என்று யோசிக்கட்டும்.

"ஜாதி கூடாதென்ற நீங்களே ஆஸ்பத்திரியில் ஜாதி கேட்கச் சொல்லுகிறீர்களா?" என்று சிலர் கேட்கலாம். நாம் அப்படிச் சொல்லவில்லை. குடும்பத்தில் யாருக்காவது மயக்க மருந்தால் ஆபத்து வந்ததா என்று கேளுங்கள். இரத்தத்தைச் சோதியுங்கள் என்கிறோம். ஒரே ஜாதியிலும் ஒருவருக்குக் குறையிருக்கும், மற்றவருக்கிராது. சோதனைக் குழாய்க்கு ஜாதி தெரியாது.

நிற்க, இந்த அறிவு பெரிய டாக்டருக்கு மாத்திரம் போதுமா? கிராமத்தில் மாத்திரை கொடுப்பவர் நர்சும் சுகாதார ஊழியருமல்லவா? வைவாக்ஸ் மலேரியாவுக்கு 14 நாள் பிரைமாகுயின் கொடுக்கிறார்கள். ஜி6பிடி என்ற நொதி குறைந்தவர்களுக்கு அதனால் இரத்தச் சிவப்பணுக்கள் உடையும். "மூத்திரம் கறுத்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே வாருங்கள்" என்ற ஒரு வார்த்தையைச் சொல்ல அந்த நர்சுக்குக் கற்றுக் கொடுத்தால் ஓர் உயிர் தப்பும்.

2019இல் வந்த எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் மருந்து மரபியலும் சேர்ந்தது. சந்தோஷமே. ஆனால் பரீட்சைக்குப் படித்தது பரீட்சையோடு போனால் என்ன பிரயோஜனம்? அதற்கு முன் படித்து வந்த டாக்டர்கள் கதி என்ன? 2000இல் ஏற்பட்ட தூத்துக்குடி அரசாங்க மருத்துவக் கல்லூரி போன்றவை, சுற்று வட்டார டாக்டர், நர்சு, மருந்தாளுநர் எல்லோரையும் கூட்டி, நோயாளியின் கட்டிலருகே வைத்தே இதைப் பழக்க வேண்டும். சர்க்கார் சோதனைக்குப் பணமும் ஒதுக்க வேண்டும்.

தோழர்களே! உங்களுக்கு ஒவ்வாத மருந்தின் பெயரைக் கேட்டு ஒரு சீட்டில் எழுதி வைத்துக் கொள்ளுங்கள். அடுத்த வைத்தியரிடம் அதைக் காட்டுங்கள். ஜாதகத்தைப் பெட்டியில் பத்திரப்படுத்தும் வீட்டில் இந்தச் சீட்டுக்கும் இடமிருக்கும். இரண்டில் எது உயிரைக் காக்குமென்பதை உங்கள் பகுத்தறிவுக்கே விட்டு விடுகிறோம்.