சிறப்புப்பெயரும் பெரிய எழுத்தும்

தமிழ்வழியில் பயின்று கல்லூரிக்கு வரும் மாணவர் எழுதும் ஆங்கிலத்தில் ஒரு பிழை அடிக்கடி தலைகாட்டுகிறது. ஊர்ப்பெயரைச் சிறிய எழுத்தில் தொடங்குவர். மாம்பழத்தையும் பனைமரத்தையும் பெரிய எழுத்தில் தொடங்குவர். இதனைக் கவனக்குறைவு என்று கடிந்து மதிப்பெண்ணைக் குறைப்பதோடு நம் கடமை முடிந்துவிடுகிறது. பிழையின் வேர் மாணவரிடத்தில் மட்டுமன்று, நாம் வழங்கும் இலக்கணச் சொல்லிலும் உள்ளது என்பதே என் கருத்து.

ஆங்கில இலக்கணத்தின் 'காமன் நவுன்' பொதுப்பெயர் என்றும், 'ப்ராப்பர் நவுன்' சிறப்புப்பெயர் என்றும் மொழிபெயர்க்கப்படுகின்றன. ஆனால், இவ்விரு சொற்களும் தமிழில் முன்னரே வேறு பொருளில் வழங்கி வருபவை. பவணந்தியாரின் நன்னூல் இடுகுறிப்பெயர், காரணப்பெயர் இரண்டையும் பொது, சிறப்பு எனப் பகுக்கிறது. அதன்படி மரம் இடுகுறிப் பொதுப்பெயர். பனை இடுகுறிச் சிறப்புப்பெயர். பறவை காரணப் பொதுப்பெயர். மரங்கொத்தி காரணச் சிறப்புப்பெயர். இங்கே சிறப்பு என்பது பேரினத்தின் உள்ளே அமைந்த ஓரினம். உலகிலுள்ள பனைகள் அனைத்திற்கும் பனை என்பதே பெயர்.

ஆங்கிலத்திலோ இந்நான்கும் பொதுப்பெயர்களே. ஒன்றற்கே உரியதாக இட்ட பெயர்தான் அங்கே 'ப்ராப்பர் நவுன்'. ஆறு என்பது பொது, காவிரி தனி. நகரம் என்பது பொது, மதுரை தனி. தமிழ் வகுப்பில் பனையைச் சிறப்புப்பெயர் என்று கற்ற மாணவன், அடுத்த வகுப்பில் சிறப்புப்பெயரைப் பெரிய எழுத்தில் தொடங்குக என்று கேட்டால் என்ன செய்வான்? கற்றதைப் பிசகாமல் பின்பற்றியே பிழை செய்வான்!

பெரிய எழுத்தையே அடையாளமாகக் காட்டுவதும் போதாது. 'நான்' எனப் பொருள்படும் ஆங்கில 'ஐ' எவ்விடத்தும் பெரிய எழுத்தே. ஆயினும் அது தனிப்பெயர் அன்று. ஜெர்மன் மொழியில் பெயர்ச்சொற்கள் அனைத்துமே பெரிய எழுத்தில் தொடங்குகின்றன. அரபு மொழியில், தமிழைப் போலவே, பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பாகுபாடே இல்லை. எனினும் அம்மொழி இலக்கணம் தனிப்பெயரை 'அலம்' என வகுத்துள்ளது. ஆகவே, வேறுபாடு பொருளில் உள்ளது. எழுத்து அதன் மேலாடை மட்டுமே.

பாடநூல்களில் வேரூன்றிய சொல்லை மாற்றுவது எளிதன்று எனப் பெரியோர் கூறலாம். மாற்றும் வரையில் விளக்கவேனும் வேண்டாமா? சாத்தன் போன்ற பெயர்களுக்கு இயற்பெயர் என்னும் சொல் தொல்காப்பியத்திலேயே உண்டு. ஊரையும் ஆற்றையும் சேர்த்துத் தழுவ, தனிப்பெயர் என்னும் எளிய சொல் நன்கு பொருந்தும். தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் ஒருநாள் ஒன்றாக அமர்ந்து இவ்விரு இலக்கணங்களையும் ஒப்பிட்டுக் காட்டினால் போதும். "இப்பெயர் ஓர் இனத்திற்கா, ஒன்றற்கு மட்டுமா?" என்று மாணவன் தன்னையே கேட்டுக்கொள்ளப் பழகுவான். அதன்பின் எழுத்து தானே திருந்தும். தாய்மொழியில் கற்றதே தன் குறை என்னும் தாழ்வுணர்வும் அவனை விட்டு அகலும்.