குரோட்டன்ஸ் மணக்குமா?

"டாக்டரய்யா, ராத்திரி ரெண்டு மணிக்கு முழிப்பு வந்தா அப்புறம் தூக்கமே வரமாட்டேங்குது. ஏதாவது லேகியம் குடுங்க."

கலசப்பாக்கத்தில் என்னிடம் வருகிற ஆசிரியர்கள், பேங்க் ஊழியர்கள், இல்லத்தரசிகள் பலரும் கேட்பது இதுதான். லேகியம் இருக்கட்டும், உங்கள் வீட்டு வாசலில் என்ன செடி இருக்கிறது என்று கேட்பேன். குரோட்டன்ஸ், மணி பிளான்ட் என்று பெருமையாகச் சொல்வார்கள். கண்ணுக்கு அழகுதான். மூக்குக்கு?

வாசனையை லேசாக நினைக்காதீர்கள். கண்ணும் காதும் அனுப்பும் சேதி மூளைக்குள் ஓர் இடைநிலையத்தில் நின்றுதான் போகும். மூக்கின் சேதியோ, உணர்ச்சியும் ஞாபகமும் குடியிருக்கிற பகுதிக்கு நேராகப் போய்விடும். மல்லிகை வாசம் பட்டதுமே கல்யாண வீடு நினைவுக்கு வருவது இதனால்தான். மல்லிகையிலும் திருநீற்றுப் பச்சிலையிலும் லினலூல் என்ற வாசனைப் பொருள் உண்டு. ஜப்பானின் ககோஷிமா பல்கலைக்கழகத்தார் அதை எலிகளுக்கு முகரக் கொடுத்ததில் பதற்றம் குறைந்ததாக 2018ல் எழுதினார்கள். மோப்பம் இழந்த எலிகளுக்குக் குறையவில்லை! எலிக்கு ஆனதெல்லாம் நமக்கும் ஆகும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் வழி மூக்குதான் என்பது தெரிகிறதல்லவா?

"ரூம் ஸ்பிரே அடிச்சா போதாதா?" என்பார்கள். போதாது. இழுப்பு உள்ளவர்களுக்கு அது தொல்லை வேறு. செடி என்றால் குனிந்து தண்ணீர் ஊற்ற வேண்டும், இலையைக் கசக்க வேண்டும், மூச்சை மெதுவாக இழுத்து முகர வேண்டும். அந்த நிதான மூச்சே பாதி மருந்து.

ஜவ்வாது மலைப்பக்கம் இருப்பதால், "சந்தனக் கன்று வைக்கலாமா?" என்றும் கேட்கிறார்கள். வையுங்கள், பேரப்பிள்ளைகளுக்கு ஆகும். சந்தனத்தின் மணம் வைரத்தில் இருக்கிறது. அது முற்றப் பல வருஷம் பிடிக்கும். இலையைக் கசக்கினால் ஒன்றும் மணக்காது.

துளசி, திருநீற்றுப் பச்சிலை இரண்டும் வெயில் படுகிற இடத்தில் தொட்டியிலேயே வரும். மல்லிகை சாயந்திரம் மலர்வதால் படுக்கையறை ஜன்னலோரம் வையுங்கள். பூவாசம் தலைவலி கொண்டுவருகிறவர்கள் துளசியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் இல்லை, எதிலும் பிடிப்பில்லை, வாழ்க்கையே வெறுக்கிறது என்றால் செடியை நம்பி உட்காராதீர்கள். மனநல டாக்டரைப் பாருங்கள். ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அவரைக் கேட்காமல் ஒரு வேளைகூட நிறுத்தக் கூடாது. தொட்டி அது பாட்டுக்கு வாசலில் இருக்கட்டும்.